கிராமர் படம்: முட்டை ரொட்டி சுட்ட அப்பன் தியாகி, அப்ப ஆத்தா யாரு?

கச்சான் (பாம்பன்), இரவு 10.42

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு அம்புட்டும் கரையில. வலை பொத்திப் பொத்தி விரல் காச்சுப்போச்சு. நேத்து ராத்திரி எங்க தெருவுல ஒரு மொட்டைமாடியில வேட்டியக் கட்டி, புரொஜெக்டர்ல 'கிராமர் வெர்சஸ் கிராமர்'னு ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாய்ங்க. 1979ல வந்ததாம். காத்துல வேட்டி ஆடுனதுல பாதி நேரம் டஸ்டின் ஹாஃப்மன் மூஞ்சி சுருங்கித்தான் தெரிஞ்சுச்சு. ஆனா கடைசி வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்கல.

பாக்காதவங்களுக்குக் கதை இதான். நியூயார்க்குல விளம்பரக் கம்பெனியில வேலை பாக்குறவன் டெட். எந்நேரமும் ஆபீஸ் நெனப்பு. பெரிய பொறுப்பு கிடைச்ச அன்னைக்குச் சந்தோசமா வீட்டுக்கு வாரான், பொண்டாட்டி ஜோவானா பெட்டியோட நிக்கிறா. போறேன்னு சொல்லி லிஃப்டுல ஏறிப் போயிடுறா. சின்னப் பய பில்லி இவன் கையில. அடுப்பு பத்தவைக்கத் தெரியாதவன் கொஞ்சங் கொஞ்சமாப் படிக்கிறான். ஒரு வருசம் தாண்டி அவ வந்து பிள்ளை வேணும்ங்கிறா. அந்த நேரம் பாத்து, பிள்ளையப் பாத்ததுல இவன் வேலையும் போகுது. கோர்ட்டு. தீர்ப்பு அம்மா பக்கம்.

வளத்தவன்கிட்டருந்து பிடுங்கி, விட்டுட்டுப் போனவ கையில குடுக்குறது எந்த ஊரு நியாயம்? சொல்லுங்கப்பா.

வாடை (தொண்டி), இரவு 10.51

எல்லா ஊரு நியாயமும் அதான் மச்சான். உலகம் பூரா கோர்ட்டு பொம்பளைங்க பக்கம். நாம ஜீவனாம்சம் கட்டத்தான் பொறந்தோம்.

பாசிக்கூடை (மண்டபம்), இரவு 11.20

கச்சான் அண்ணே, நானும் அந்தப் படத்தைப் பாத்திருக்கேன், காலேஜ் ஹாஸ்டல்ல. அப்பயும் இதே சண்டைதான்.

ஒண்ணு கேக்குறேன். படம் தொடங்குறப்ப முதல்ல யாரைக் காட்டுறாங்க? அரை இருட்டுல அவ முகத்தை. தூங்கப்போற பிள்ளைகிட்ட உக்காந்திருக்கா, விட்டுட்டுப் போகப்போறோம்னு தெரிஞ்சே. அப்புறம் ரொம்ப நேரத்துக்கு அவ இல்லை. அந்த நேரத்துல அப்பன் முட்டை உடைக்கிறான், ஓடு உள்ள விழுது, ரொட்டி டம்ளருக்குள்ள போகாம மடங்குது, சட்டி கையைச் சுடுது. பாக்குற நாம உருகுறோம். சரி. அதுக்கு முன்னாடி அஞ்சரை வருசம் தினமும் அந்தச் சட்டியைப் பிடிச்சவ யாரு? அதை எந்தக் கேமராவும் எடுக்கல.

எங்க வீட்டுக் கதை சொல்றேன். எங்கப்பா கொச்சிப் பக்கம் படகு வேலைக்குப் போனா ஆறு மாசம். அம்மா தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போகும். வெள்ளன மூணு மணிக்கு எந்திரிச்சு எங்களுக்குக் கஞ்சி வச்சிட்டு, கிழிஞ்ச சேலைத்துணிய விரல் விரலாச் சுத்தி, தண்ணிக்குள்ள முங்குற கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிட்டுத் தோணியேறும். பாறை கிழிச்ச கைக்கு ராத்திரி எண்ணெய் தடவி விடுறது என் வேலை. எட்டு வருசம். யாரும் 'தனியா வளத்த தாய்'னு சொல்லல. அப்பா 'தொழிலுக்குப் போயிருக்காரு', அம்மா 'வீட்டுல இருக்கு', அவ்வளவுதான்.

அப்பன் இல்லாத வீடு நம்ம கரையில சாதாரணம். ஆத்தா இல்லாத வீடுன்னா மட்டும்தான் சினிமா.

கச்சான், இரவு 11.34

தங்கச்சி, ஒங்கப்பா வருமானத்துக்குப் போனாரு. விட்டுட்டுப் போகல. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காத.

பாசிக்கூடை, இரவு 11.41

டெட்டும் வருமானத்துக்குத்தான் போனான் அண்ணே. அவ போன மறுநாள் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுறப்ப என்ன கேக்குறான்னு ஞாபகம் இருக்கா? 'நீ எத்தனாங் கிளாஸ்?' ஒரே வீட்டுல குடியிருந்தவன் கேக்குறான்! அப்ப விட்டுட்டுப் போனது யாரு?

குமாஸ்தா (இராமநாதபுரம்), காலை 6.15

ராத்திரி பூரா நடந்திருக்கு போல. நான் வக்கீல் ஆபீஸ்ல இருபது வருசமாக் கேஸ் கட்டு தூக்குறவன். சட்டத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்.

வாடை தம்பி, 'கோர்ட்டு பொம்பளைங்க பக்கம்'ங்கிறது பாதிதான். நம்ம 1956 சட்டத்துல, இந்து மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் 'தந்தை, அவருக்குப் பின் தாய்'னுதான் எழுதியிருக்கு. 1999ல உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்'ங்கிற சொல்லுக்கு, அப்பன் செத்த பிறகுன்னு மட்டும் அர்த்தமில்லை, அவன் பொறுப்பெடுக்காம இருந்தாலும் சேரும்னு விளக்கம் குடுத்துச்சு. கீதா ஹரிஹரன் வழக்கு. அதுவரைக்கும் பிள்ளை பேர்ல ஒரு பத்திரம் வாங்கணும்னாலும் ஆத்தா கையெழுத்துக்கு மதிப்பு கம்மி. இது பொம்பளை பக்கமா?

அதே சட்டம், அஞ்சு வயசு முடியாத பிள்ளை 'சாதாரணமாக' அம்மாகிட்ட இருக்கணும்னு சொல்லுது. கட்சிக்காரங்க இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க. அதுல இருக்குற 'சாதாரணமாக'ங்கிற சொல்லுலதான் வக்கீலுக்குப் பொழப்பே. அஞ்சு வயசு தாண்டுனா கோர்ட்டு பாக்குறது பிள்ளையோட நலன் ஒண்ணைத்தான். காப்பாளர் சட்டம் 1890லருந்து இருக்கு, எல்லா மதத்துக்கும் பொது. விவரம் தெரிஞ்ச வயசா இருந்தா பிள்ளையோட விருப்பத்தையும் கேக்கலாம்னு அதுல இருக்கு. ஜட்ஜ் தன் அறைக்குக் கூப்பிட்டு வச்சுப் பேசுவார். படத்துல நடந்த மாதிரி 'அம்மான்னா அம்மாதான்'னு இன்னைக்கு நம்ம கோர்ட்டுல கண்ணை மூடிக்கிட்டுத் தீர்ப்பு வராது. பில்லிக்கு வயசு அஞ்சுக்கு மேல. ஒரு வருசத்துக்கு மேல அப்பன்கிட்டயே இருந்திருக்கான், நல்லாவும் இருக்கான். நம்ம கோர்ட்டா இருந்தா டெட்டுக்கு நல்ல கேஸ்.

இன்னொண்ணு. கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை. சூழ்நிலை மாறுனா மறுபடி மனுப் போடலாம், மாத்துவாங்க.

கச்சான், காலை 6.40

குமாஸ்தாண்ணே வாழ்க. நான் சொன்னது சட்டப்படியே செல்லுது!

குமாஸ்தா, காலை 6.52

முழுசாக் கேளுப்பா. அந்த கோர்ட் சீன்ல சட்டத்தைவிட எனக்கு வேற ஒண்ணு உறுத்துச்சு. பய விளையாட்டு மைதானத்துக் கம்பியிலருந்து விழுந்து கண்ணுகிட்டத் தையல் போட்டது. டெட் அவனைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஆஸ்பத்திரிக்கு ஓடுறான். அந்த விசயம் எப்பயோ பேச்சுவாக்குல அவ காதுக்கு வந்து, அவ வக்கீல் காதுக்குப் போய், கடைசியில 'கவனமில்லாத தகப்பன்'னு கோர்ட்டுல வந்து நிக்குது. அவளே வெளிய வந்து அவன்கிட்ட, இப்படிப் பண்ணுவார்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்னு வருத்தப்படுறா. இவன் வக்கீல் மட்டும் லேசுப்பட்டவரா? வாழ்க்கையில முக்கியமான ஒரே உறவுல நீ தோத்தவதானேன்னு அவளைப் போட்டு அமுக்குறார். அவ கண்ணீரோட டெட்டைப் பாக்குறா. அவன் அங்கருந்தே, இல்லைன்னு தலையை ஆட்டுறான்.

எதிர்க்கட்சிக்காரன் இல்லைங்கிறான், ஆனா கேஸ் நடந்துக்கிட்டே இருக்கு. நான் பாத்த வாய்தாவுல பாதி இந்த மாதிரிதான்.

போன வருசம் கோர்ட் தாழ்வாரத்துல ஒரு அப்பா மகளைப் பாக்க வந்தார். புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருந்தார், பூப்போட்டது. பிள்ளை காலை உள்ள விட்டுப் பாக்குது, பாதிதான் போகுது. பதினோரு மாசமா அவர் பிள்ளை காலைப் பாக்கல. அந்தம்மா வாயைத் திறக்கல. பிள்ளைதான், 'பரவால்லப்பா, பின்பக்கத்தை மடிச்சுப் போட்டுக்கிறேன்'னுச்சு.

கீழக்கரை லாத்தா, காலை 9.05

படம் பார்த்ததில்லை, நேற்றிரவு இந்தப் பேச்சைப் படித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு விளங்காதது ஒன்றுதான்: அந்தப் பெண் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள்? எங்கள் தெருவில் வீடு மகளுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பிரிந்தாலும் பெட்டி தூக்குவது அவர்தான். பிள்ளை உம்மாவுக்கும் பெத்தும்மாவுக்கும் (பாட்டிக்கும்) நடுவில் படுத்த பாயில் அப்படியே கிடக்கும். வீடு யார் பேரில் இருக்கிறது என்பதில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர்களுக்கு அந்த வீட்டில் தன் பிள்ளையே விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். தலாக் ஆகிவிட்டால் அதுவும் போச்சு. என் சாச்சா ஒருத்தர் பெருநாள் அன்று மகனுக்குக் கொடுக்க நோட்டை மடித்து வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடையில் காத்திருப்பார். வீட்டுப் படி ஏறமாட்டார். அவரை நினைத்தால் கச்சான் தம்பி கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. பாசிக்கூடை கேட்பதும்.

வாடை, காலை 9.30

லாத்தா சேம் சைடு கோல். பிரிஞ்ச பொம்பளை திரும்பி வந்து உரிமை கேக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க முதல்ல. ஓடிப்போனவளுக்குப் பிள்ளை எதுக்கு?

கொண்டல் (தங்கச்சிமடம்), மதியம் 1.18

இதுல எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். வாடை, அந்த 'ஓடிப்போனவ'ங்கிற சொல்லை விடுங்க. நான் அந்த டெட் இருந்த எடத்துல இருக்குறவன்.

மூணு வருசம் ஆச்சு. மகளுக்கு அப்ப ஆறு வயசு. எனக்கு ஐஸ் கம்பெனி லோடு வண்டி. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புனா பகல்ல தூக்கம், சாயங்காலம் கூட்டாளிக. அவ போனப்ப நானும் வாடை சொன்ன சொல்லைத்தான் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எத்தனாங் கிளாஸ்னு பாசிக்கூடை எழுதுனதைப் படிச்சிட்டு வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டேன். எனக்கு மகளோட கிளாஸ் தெரியும், செக்சன் தெரியாது. 'ஏ'யில போய் நின்னேன். பிள்ளை 'சி'.

சடைதான் பெரிய பாடு. ரெட்டைச் சடை, மடிச்சுக் கட்டி ரிப்பன் வைக்கணும். வலைக்கயிறு முறுக்கத் தெரிஞ்ச கைதானேன்னு நெனச்சேன். வகிடு நேரா வராது. இழுத்தா அழும், இழுக்காட்டி பிரேயர்ல நிக்கிறப்பவே அவுந்துடும். பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல உக்கார வச்சு, மூணு நைலான் கயித்தைத் தூண்ல கட்டி எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. போறவாரவன் பூரா சிரிச்சான். அப்புறம் பேன். அதைப் பத்தி எந்தப் படத்துலயும் காட்டுனதில்லை.

பள்ளிக்கூடத்துலருந்து டயரியில எழுதி வரும், 'தாயாரை வரச் சொல்லவும்'. நான் போனா டீச்சர் என் பின்னாடி யாராவது வாராங்களான்னு எட்டிப் பாப்பாங்க.

கச்சான், நீ கேட்டதுக்குப் பதில்: பிடுங்குனா செத்துருவேன். அது நெசம். பாசிக்கூடைக்குப் பதில்: நான் மூணு வருசமாச் செய்யிறதை அவ ஆறு வருசம் செஞ்சா, நான் ஒரு நாளும் பாக்கல. அதுவும் நெசம். இது ரெண்டையும் ஒண்ணா வச்சிக்கிட்டு எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல.

கச்சான், மதியம் 1.50

அண்ணே... சரிண்ணே.

ஓய்வு வாத்தியார் (தேவிபட்டினம்), மாலை 4.25

படத்தைப் பற்றிப் படமாகவும் இரண்டு வார்த்தை. ஏவரி கோர்மன் எழுதிய நாவலை ராபர்ட் பென்டன் இயக்கியது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர். பில்லியாக நடித்த ஜஸ்டின் ஹென்றிக்கு எட்டு வயதில் பரிந்துரை கிடைத்தது. பாசிக்கூடை சொல்லும் குறை படப்பிடிப்பிலேயே எழுந்த குறைதான். கோர்ட்டில் ஜோவானா பேசும் பேச்சை மெரில் ஸ்ட்ரீப் தானே எழுதி மாற்றினார், இயக்குநர் அதைப் படத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அவள் வெறும் வில்லிதான். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்தவள், மறுபடி போக நினைத்தபோது கணவன் காதில் வாங்கவில்லை, தன்னையே கெட்டவளாக நினைக்கத் தொடங்கினாள், அதனால் போனாள். இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்து போகிறது.

முடிவைச் சொல்லலாமா? நாற்பது வருடத்துக்கு மேலான படம், சொல்லிவிடுகிறேன். அப்பீல் போனால் பையனைக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும் என்கிறார் வக்கீல். டெட் வேண்டாம் என்றுவிடுகிறான். பையனை அனுப்பும் நாள் காலை, அப்பனும் மகனும் அதே முட்டை ரொட்டியைச் செய்கிறார்கள். ஒரு பேச்சும் இல்லை, ஓடு விழவில்லை, கை சுடவில்லை. கீழே வந்து நிற்கும் ஜோவானா, 'கூட்டிப் போகத்தான் வந்தேன், அவன் ஏற்கெனவே அவன் வீட்டில்தான் இருக்கிறான்' என்று அழுகிறாள். கேஸில் ஜெயித்தவள் விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு அது பெரிய இடம்.

பாசிக்கூடை, மாலை 5.10

ஐயா, எனக்கு அதுதான் கடுப்பான எடம்.

போனப்பவும் அவதான் கெட்டவ. வந்து கேட்டப்பவும் கெட்டவ. எப்ப நல்லவ ஆகுறா? பிள்ளை வேண்டாம்னு சொன்ன பிறகு. இவ்வளவுக்கும் அப்ப அவ சம்பளம் அவனைவிடக் கூட, வீடு பாத்துட்டா, பிள்ளை ரூமுக்குப் பெயின்ட் கூட அடிச்சு வச்சிட்டா. நம்ம கதைகள்லயும் இதேதான், விட்டுக்குடுத்தாதான் தாய். அப்பனுக்கு மட்டும் பிடிச்சு வச்சாலும் பாசம்.

இன்னொண்ணும் கவனிச்சேன். படத்துக்குப் பேரு கிராமர், எதிர்ல இன்னொரு கிராமர். ரெண்டு பேரும் சமம்ங்கிற மாதிரி. ஆஸ்கர் குடுக்குறப்ப அவருக்குச் சிறந்த நடிகர். அவங்களுக்குச் சிறந்த துணை நடிகை.

ஓய்வு வாத்தியார், மாலை 5.32

அந்தத் துணை என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை அம்மா. ஆனால் ஒன்று, அவள் விட்டுக்கொடுத்தது அவனுக்காக இல்லை, பையனுக்காக. டெட்டும் அப்பீலை விட்டது பையனுக்காகத்தான். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

பாசிக்கூடை, மாலை 5.40

அவன் விட்டப்ப பிள்ளை அவளுக்குப் போயிருக்கணும், அவ விட்டப்ப இவனுக்கு வந்துடுச்சு. ஒரே காரியம்தான். மிச்சம் யார் கையில இருக்குன்னு பாருங்க ஐயா.

வாடை, மாலை 6.02

நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த வார்த்தை தப்புதான், எடுத்துக்கிறேன். கோர்ட்டு விசயத்துல மட்டும் என் கருத்து அதேதான்.

குமாஸ்தா, மாலை 6.20

இருக்கட்டும் தம்பி, உன் கருத்தாலதான் எங்க ஆபீஸ்ல கரண்ட் பில் கட்டுறோம்.

கொண்டல் தம்பிக்கு ஒரு வார்த்தை. இப்ப பிள்ளை உங்ககிட்ட இருக்குறது வாய்ப்பேச்சுலயா, எழுத்துலயா? ரெண்டு பேருக்கும் சம்மதம்னா, எந்தெந்த நாள் யார்கிட்ட, லீவுக்கு எங்க, பள்ளிக்கூடச் செலவு யாருன்னு எழுதிச் சமரச மையத்துல முடிச்சு, கோர்ட்ல பதிஞ்சு வச்சிக்கங்க. நல்லா இருக்குறப்பவே செஞ்சிடணும். சண்டை வந்த பிறகு எழுதுனா, பிள்ளை விழுந்து தையல் போட்டது வரைக்கும் அதுல ஏறும்.

கொண்டல், இரவு 8.47

வாய்ப்பேச்சுதான் அண்ணே. ஊர்ப் பெரியவங்களை வச்சுப் பேசுனது. சனி ஞாயிறு அவகிட்ட, உச்சிப்புளியில. பேப்பர்ல எழுதலாம்னு அவளும் போன மாசம் கேட்டா, நான்தான் பயந்துக்கிட்டு இழுத்தடிச்சேன். திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாரேன்.

பாசிக்கூடை, இரவு 8.55

அண்ணே, ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை அங்க போறப்ப சடை யாரு போடுறது?

கொண்டல், இரவு 9.03

நான்தான் போட்டு பஸ்ஸுல கூட்டிட்டுப் போவேன். அங்க போனதும் அவ அவுத்துட்டு மறுபடி போடுவா. முன்னாடி ஆத்திரமா வரும். போன வாரம் அவுக்கல. ரிப்பனை மட்டும் மாத்திவிட்டிருந்தா.

கச்சான், இரவு 9.10

சனிக்கிழமை ராத்திரி வேற படம் போடுறாய்ங்க. இந்தத் தடவை வேட்டி வேண்டாம், பாய்மரத்துணி கேட்டிருக்கேன். யாருகிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க.